பம்பு பாடிக்கொண்டிருந்தது

ஙீ... என்று ஒரே இழையாக வந்தது அந்தச் சத்தம். எங்கேயும் அறுபடவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை, சுருதிப்பெட்டியில் ஒரு கட்டையை யாரோ அழுத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்ட மாதிரி. என் கண் மூடியிருந்தது. திறக்கலாம், ஆனால் திறந்தால் சத்தம் சுருங்கி ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடும், மூடியிருக்கிற வரைக்கும் அது பாய்லர் ரூம் முழுக்க எனக்கு, கூரைத் தகரம் வரைக்கும் எனக்கு. நான் தூங்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூங்குகிறவனுக்கு இவ்வளவு கேட்குமா, அடுப்புக்குள் ஈரக்கட்டை ஒன்று நுனியில் நுரை தள்ளி உஸ்ஸென்கிறது கேட்கிறது, ஃபேன் காற்றை உள்ளே ஊதுகிறது கேட்கிறது, தலைக்கு மேல் குழாயில் ஆவி சாயப்பட்டறைப் பக்கம் ஓடுகிறது கேட்கிறது, அங்கே மிஷினுக்குள் துணி சுருண்டு சுருண்டு திரும்புகிறதுகூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது, நடுவில் ரெண்டு சுவர், எப்படிக் கேட்கும், இருந்தாலும் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பம்பு. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பு. இத்தனை வருஷம் இதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வயசாகியிருக்கிறேன், மூட்டை தூக்குகிறவன் மாதிரி முனகும், இருமும், கோபித்துக்கொண்டு உதறும், ஒரு நாளும் பாடியதில்லை, இன்றைக்குப் பாடுகிறது, என் நெஞ்சு அதற்குத் தாளம் போடுகிறது, தம் தம் தம் என்று சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு. நாக்கு சாம்பல் தட்டு மாதிரி காய்ந்து கிடக்கிறது. டீ வரும். துரைசாமி போயிருக்கிறான். அடுப்புக்குக் கட்டை போடுகிற துரைசாமி, ஊருக்கெல்லாம் தொர, ஆறடி ஆள், கையில் மயிர் கருகிக் கருகி முளைப்பதை விட்டுவிட்டது, போகும்போது என்ன சொன்னான், "இன்னைக்கி வந்தது மலைச்சரக்குங்ணா, பாத்து, மேல போயிட்டு எறங்க ஏணி கேக்கும்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான், விறகு அட்டிக்குப் பின்னால் ஆளுக்குப் பாதி இழுத்தோம், அவன் பாதியைவிட என் பாதி பெரிசு, நான் மூத்தவன் என்று விட்டுக்கொடுத்தான், மரியாதை தெரிந்தவன். எப்போது போனான். ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே ரோட்டைத் தாண்டினால் கடை, டீக்கடைக்குப் போய் ஒரு கல்யாணம் பண்ணிப் பிள்ளையும் பெற்றிருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது. கண் மூடியபடியே தனியாகச் சிரித்தேன், சிரிக்கிற சத்தமும் பம்போடு சேர்ந்து நீளமாகப் போனது, இந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிகிறது, யாராவது வந்து கேட்டால் போதும், எது வேண்டுமானாலும் கேட்கட்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விறகு எங்கிருந்து வருகிறது, நான் சொல்வேன், எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகமெல்லாம் படித்தவன், பாதிப் புத்தகத்துக்கு முன் பக்கம் இருக்காது, பாதிக்குக் கடைசிப் பக்கம் இருக்காது, யார் கொன்றான் என்று தெரியாமலே எத்தனை கொலைக்கதை. விறகு இப்போதெல்லாம் காட்டிலிருந்து வருவதில்லை, இடித்த வீட்டிலிருந்து வருகிறது. சற்று முன்தான், பம்பைப் போட்ட கையோடு, ஒரு நிலைச்சட்டத்தை எடுத்தேன், பழைய வீட்டுக் கதவு நிலை, நல்ல வைரம் பாய்ந்த மரம், ஒரு முனையைப் பிடித்தபோது விளக்கு வெளிச்சத்தில் பென்சில் கோடு தெரிந்தது. கவி யூகேஜி. அதற்கு ஒரு சாண் மேலே, கவி ரெண்டாவது. அதற்கு மேலே கவி அஞ்சாவது. அதோடு நின்றுவிட்டது. வளர்ந்தாளா, வீட்டை விற்றார்களா, பென்சில் தொலைந்ததா. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை, பெண்தான், எனக்குள் அது பெண்ணாகிவிட்டது. ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தேன், பிறகு மறுமுனையை முன்னால் விட்டு அடுப்புக்குள் தள்ளினேன், வேறென்ன செய்வது, மூணு டன் பாய்லர் கவியையும் தின்னும், ரவியையும் தின்னும், அப்புறம் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன், பம்பு பாட ஆரம்பித்தது.

கண்ணைத் திறந்ததும் எதிரே கண்ணாடி. பாய்லரின் நெற்றியில் ஒரு முழ நீளத்துக்குக் குழாய் மாதிரி ஒரு கண்ணாடி நிற்கிறது, உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு உயரம் அதில் தெரியும், அதைப் பார்க்கிறதுதான் என் வேலை, கட்டை போடுவதோ சாம்பல் அள்ளுவதோ அல்ல, பார்ப்பது, பார்ப்பதற்குச் சம்பளம், பார்ப்பதற்கு லைசென்ஸ். கண்ணாடி சுத்தமாக இருந்தது. அடடா, எவ்வளவு சுத்தம், மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை, ஜன்னல் பக்கம் விடிகிற வெளிச்சம் அதன் வழியாக நேராகப் பாய்ந்து அந்தப் பக்கச் சுவரில் வெள்ளைக் குச்சி மாதிரி விழுந்தது. நிரம்பிவிட்டது. அதுதான் முதலில் தோன்றியது, சந்தோஷமாகத் தோன்றியது, பார், நான் பம்பைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன், அது பாடிக்கொண்டே தண்ணீரை ஏற்றிக் கண்ணாடிக்கு மேலே கொண்டுபோய்விட்டது, கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை, நிறுத்தினால் ஆயிற்று. நிறுத்த எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கலாம். எழுந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த இடத்தில்தான் நினைப்பு சட்டை ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி மாட்டியது. தண்ணீர் கண்ணாடிக்கு மேலே போய்விட்டாலும் கண்ணாடி இப்படித்தான் தெரியும். கீழே போய்விட்டாலும் இப்படித்தான் தெரியும். நடுவில் இருந்தால் கோடு தெரியும், நிறைந்தாலும் வற்றினாலும் ஒரே வெறுமை, ஒரே பளபளப்பு, இது எந்தப் பாய்லர்காரனுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சங்கதி, எனக்கும் தெரியும், ஆனால் நிரம்பிவிட்டதே, ரொம்ப நேரமாகப் பம்பு ஓடுகிறதே. ரொம்ப நேரம். எவ்வளவு ரொம்ப. போடும்போது கண்ணாடியில் அடியில் ஒரு விரல் தண்ணீர் நின்றது, அது ஞாபகம் இருக்கிறது, அதற்கு அப்புறம் நிலைச்சட்டம், கவி, நாற்காலி, பாட்டு. பாட்டுக்குள் எத்தனை விஷயம் நடந்தது, வேலையில் சேர்ந்த புதிதில் மழையில் ஒழுகிய கூரை வந்தது, என் வீட்டுக்காரி சாந்தாமணி கோபித்துக்கொண்டு தாராபுரம் போய்த் திரும்பி வந்த பஸ் வந்தது, அந்த பஸ்ஸின் கம்பிச் சத்தம் வந்தது, ஒரு ஆயுசு நடந்தது. சுவர்க் கடிகாரம் சாம்பல் படிந்து எப்போதோ நின்றுவிட்டது, போனில் பார்த்தால் இப்போது என்ன மணி என்று சொல்லும், நான் எப்போது போட்டேன் என்று அது சொல்லாது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அந்தம்மா ஏன் இப்போது வருகிறார். படபடப்பு என்று போயிருந்தேன், கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு, சிவப்பு. எத்தனை நாளா இழுக்கறீங்க என்றார், பகல்ல தூக்கம் வர்றதில்லைங்க மேடம், தகரக் கூரை, வெக்கை, அதுக்குத்தான் ஆரம்பிச்சது என்றேன், இப்ப தூங்கவா, முழிச்சிருக்கவா என்றார், ரெண்டுக்குந்தாங்க என்றேன், வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்தேன், அவர் சிரிக்கவில்லை. உள்ள போன உடனே நெஞ்சு ரெண்டு மடங்கு ஓடும், இந்த வயசுல அது வெளையாட்டு இல்ல, நாற்பத்தஞ்சு தாண்டின நெஞ்சு, என்றார். மறதி வருதா என்றார். என்ன கேட்டீங்க என்றேன், அப்போதும் அவர் சிரிக்கவில்லை. என்ன வேலை என்றார். பாய்லருங்க, நைட்டு. பேனாவை மேஜையில் வைத்தார், நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூடாமல் வைத்தார், அது கொஞ்சம் உருண்டது. "இழுத்தவனுக்கு அஞ்சு நிமிஷம் அரை மணியாத் தெரியும். நீங்க அங்க நேரத்தை எதை வெச்சுப் பாப்பீங்க?" தலைய வெச்சுங்க மேடம். அதைத்தான் சொன்னேன். தலையை வைத்து.

சரி, தலை என்ன சொல்கிறது. நிரம்பிவிட்டது என்கிறது. இன்னொரு பக்கம் அதே தலை, வற்றிவிட்டது என்றும் சொல்கிறது, ரெண்டையும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பயம் என்று சொல்ல முடியாது, பயத்துக்கு முன்னால் வருகிற ஒரு துள்ளல், திருவிழா ராட்டினம் உச்சியில் ஒரு கணம் நிற்குமே அது. தண்ணீர் குறைந்தால் கத்துகிற மணி ஒன்று உண்டே, அது ஏன் கத்தவில்லை, அப்போ நிரம்பித்தான் இருக்கிறது, என்று அரை மூச்சு விட்டேன், மீதி அரை மூச்சு வரவில்லை, ஏனென்றால் அந்த மணியின் ஒயர் அதோ ஆணியில் சுற்றித் தொங்குகிறது. அது நிறையத் தண்ணீர் இருக்கும்போதும் கத்தும், காற்றடித்தால் கத்தும், ஷேடு பார்க்கிற டையிங் மாஸ்டர் கோபால்சாமி வந்து, காது போகுதுய்யா, அதுக்கு ஒரு வழி பண்ணு என்றார், நானும் தொரையும்தான் கழற்றிச் சுற்றினோம். இன்னொரு கண்ணாடியும் உண்டு, அது ஒழுகுகிறது என்று அடைத்துப் போட்டிருக்கிறது. ஆக இருப்பது இந்த ஒரு கண்ணாடி, இந்த ஒரு தலை. தலைக்குள் மலைச்சரக்கு. எழுந்தேன். எழுந்தபோது தரை கொஞ்சம் என்னோடு எழுந்தது. போய் வடிகுழாயைத் திறந்தேன், கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சின்னக் குழாய், தண்ணீர் இருந்தால் பீச்சும். உஸ்ஸ் என்றது. வெறும் ஆவி. அப்போ இல்லை. ஆனால் இந்தக் குழாயில் உப்புக் கட்டி அடைத்திருக்கிறது என்று போன வாரமே தொர சொன்னானே, அடைத்த குழாய் உஸ்ஸென்றுதான் சொல்லும், அப்போ இருக்கலாம். இருக்கலாம், இல்லாமலிருக்கலாம், இருக்கலாம். வட்டமடித்துக்கொண்டே இருந்தது. இதற்கு முன்னும் இப்படி ஒரு தடவை, புகைபோக்கி சாய்கிறது என்று கேட் வரைக்கும் ஓடினேன், எல்லோரையும் ஓடுங்கடா ஓடுங்கடா என்று விரட்டினேன், வானத்தில் மேகம் நகர்ந்தது, அவ்வளவுதான், புகைபோக்கி பாட்டுக்கு நின்றது, தொர ஒரு மாசம் சிரித்தான். இதுவும் மேகமாக இருந்தால்.

"மணீண்ணா, ஏனுங், கெணத்துல உளுந்தவனாட்ட நிக்கறீங்?" பூவாத்தா வந்துவிட்டாள். சாம்பல் அள்ளுகிற பூவாத்தா, என் வயசுதான் இருக்கும், தலையில் சும்மாடு, கையில் தூக்குப்போசி, வெளிச்சம் வந்ததும் வருகிறவள். வந்ததும் அவளுக்கு ஒரு வழக்கம், சாப்பாட்டுப் போசியைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைப்பாள், பாய்லருக்குப் போகிற தண்ணீர்த் தொட்டி, இளஞ்சூடாக இருக்கும், பத்து மணிக்குத் திறந்தால் சோறு இப்போது வடித்த மாதிரி இருக்கும், மில்லில் பாதிப் பேர் போசி அதன் மேல்தான். வைத்துவிட்டுப் பாய்லரின் பின்பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு வெற்றிலை போடுவாள், அங்கேதான் கதகதப்பு, அங்கேதான் அவள் உட்கார்ந்தே சுவரில் எண்ணெய் வட்டம் விழுந்திருக்கிறது. இன்றைக்கும் மூடியில் போசியை வைத்தாள், கையை வெடுக்கென்று இழுத்தாள். "அய்யய்யோ! என்னுங்ண்ணா இது, தொட்டி கொதிக்குது! சோறு திரும்ப வெந்துரும்!" போசியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு விரலை உதறினாள். தொட்டி கொதிக்கிறது. சாயப்பட்டறையிலிருந்து சுடுதண்ணீர் திரும்பி வந்து தொட்டியில் விழும், அதோடு பச்சைத்தண்ணீரைக் கலந்துவிட வேண்டும், கலந்துவிடுகிற வால்வை நான் திறந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, சக்கரத்தின் குளிர்ச்சிகூட உள்ளங்கையில் இருக்கிறது, அதில் ஒட்டியிருந்த ஒரு சிலந்தி நூல்கூட. போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. இறுக்கி மூடியிருந்தது. அப்போ அந்தக் குளிர்ச்சி நேற்றைய குளிர்ச்சி, அந்தச் சிலந்தி நேற்றைய சிலந்தி, நேற்று இன்றைக்கு வந்து இன்றைக்கின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான்தான் இன்றைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரைப் பம்பு இழுக்காது. உள்ளே ஆவி அடைத்துக்கொள்ளும். சும்மா சுற்றும். தண்ணீர் தள்ளுகிற பம்பு முனகும். தள்ளாத பம்பு, தூக்க ஒன்றும் இல்லாத பம்பு, பாரமில்லாமல், கவலையில்லாமல். பாடும். ஙீ... என்று என் பின்னால் அது பாடிக்கொண்டே இருந்தது, இவ்வளவு நேரம் நான் கண்மூடி ரசித்த அந்த இனிமை.

அப்போதும் தலை விடவில்லை. முதலில் தள்ளியிருக்கும், நிரப்பியிருக்கும், அப்புறம்தான் ஆவி அடைத்திருக்கும், அதற்குப் போதுமான நேரம் இருந்ததே, ஒரு ஆயுசு நேரம். நேரத்தை எதை வைத்துப் பார்ப்பீர்கள். மேடம், மேடம், கொஞ்சம் இருங்க. அடுப்பின் கதவில் ஒரு காசு அளவுக்கு ஓட்டை இருக்கிறது, அதில் கண்ணை வைத்தேன். வெளிச்சம் கண்ணை அறைந்தது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உருவம் பிரிந்தது, தணல், தீ நாக்கு, கருவேலங்கட்டை, அப்புறம் அது. கவியின் நிலைச்சட்டம். பம்பைப் போட்ட கையோடு நான் தள்ளியது. அடுத்த முனையில் இப்போதுதான் நெருப்பு ஏறுகிறது, இந்த முனை, என் பக்கத்து முனை, இன்னும் மரமாகவே இருக்கிறது, ஓரம் மட்டும் பழுப்பாகத் திரும்புகிறது. அவ்வளவுதான் நேரம். என் தலைக்குள் ஒரு ஆயுசு, அடுப்புக்குள் கால்வாசிச் சட்டம். இந்த நேரத்தில் எந்தப் பம்பாலும் ஒரு விரல் தண்ணீரைக் கண்ணாடிக்கு மேலே ஏற்ற முடியாது. ஆனால் இருந்த ஒரு விரலை ஆவியாக்கக் கொதிக்கிற பாய்லருக்கு இது தாராளமான நேரம். என் தலை பொய் சொல்லும், கண்ணாடி ரெண்டு விதமாகச் சொல்லும், கை நேற்றைத் தொட்டுவிட்டு இன்றைக்கு என்று சொல்லும், மரம் அது எரிகிற வேகத்தில்தான் எரியும். மரம் எதையும் இழுத்திருக்கவில்லை. எனக்குள் ஒரு கூச்சல் எழுந்தது, சத்தியமாகச் சந்தோஷக் கூச்சல், கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம், கண்டுபிடித்தது என்னவென்று அதற்கு அடுத்த நொடிதான் உறைத்தது.

"மணீண்ணா, ஸ்ட்ராங்கா நாலு டீ, வடையுஞ் சூடா இருந்துச்சு, விட மனசில்ல" என்று பார்சல் பையை ஆட்டிக்கொண்டு துரைசாமி வந்தான், வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் ரத்தம், பம்பைக் கேட்டான், தலையைச் சாய்த்தான், அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது, அவன் காது என் காதைவிட நல்ல காது. "ஏர் புடிச்சுருச்சுங்ணா. இருங், ரெண்டு பக்கெட் பச்சத்தண்ணிய மேல ஊத்தி எடுத்து உட்டர்றேன்." எப்போதும் செய்கிறதுதான், நானும் எத்தனையோ தடவை செய்ததுதான், பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, காற்றுக் குழாயைத் திறந்து, அடைத்ததை வெளியேற்றினால் பம்பு மறுபடியும் முனகிக்கொண்டு தண்ணீரை உள்ளே தள்ளும். உள்ளே குழாயெல்லாம் தண்ணீர் இல்லாமல் காய்ந்து பழுத்துக் கிடந்தால், தள்ளுகிற அந்தத் தண்ணீர் தொட்ட நொடியில் குபீரென்று ஆவியாகிப் பின்பக்கத் தகடு வெடித்துவிடும். பின்பக்கம். எண்ணெய் வட்டம் விழுந்த சுவர். வெற்றிலை. அவன் பக்கெட்டை எடுத்துவிட்டான். "தொர, வைடா அத." "ரெண்டே பக்கெட்டுங்ணா." "வைடான்னா வைடா!" என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. அவன் நின்று என்னைப் பார்த்தான், சிரிப்பு மெதுவாக அவன் முகத்தில் விரிந்தது. "என்னுங்ணா, பொகபோக்கி சாயுதுங்களா?" பூவாத்தாவும் களுக்கென்று சிரித்தாள், அவளுக்கும் அந்தக் கதை தெரியும். நெஞ்சு பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் போல அடித்தது, ஒருவேளை இதுவும் மேகம்தானோ, ஒருவேளை கவியும் நிலைச்சட்டமும்கூட நேற்றுத்தானோ, அந்த ஓட்டையில் நான் பார்த்தது எதை. இப்படியே யோசித்தால் இதற்கு முடிவே கிடையாது. சரி, மேகமாகவே இருக்கட்டும். மேகமாக இருந்தால் மிஷினில் இருக்கிற துணி கெடும், ஒரு மாசம் சிரிப்பான், ஒரு வருஷம்கூடச் சிரிக்கட்டும். "ஆமாண்டா. சாயுது. நீ பக்கெட்ட வெச்சுட்டுக் கதவுல கண்ண வெச்சுப் பாரு. நெலச்சட்டம் இருக்குதா?" அவன் பக்கெட்டோடு குனிந்து பார்த்தான். "இருக்குதுங்." "எவ்வளவு எரிஞ்சிருக்குது?" "காவாசி." "பம்பப் போட்ட கையோடதான் அத உள்ள தள்ளுனேன். அடியில ஒரு விரல் தண்ணி நின்னுச்சு. தொட்டி கொதிக்குது. இப்பக் கண்ணாடியப் பாரு." அவன் கண்ணாடியைப் பார்த்தான். மறுபடி அடுப்பைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து போனதை நான் பார்த்தேன், விளக்கு அணைவதுபோல அல்ல, தண்ணீர் வடிவதுபோல, மேலிருந்து கீழே. "ண்ணா" என்றான். பக்கெட்டைக் கீழே வைத்தான். ஒரு சொட்டுகூடத் தளும்பாமல், குழந்தையை இறக்கி வைக்கிற மாதிரி வைத்தான்.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகம், எனக்கு அவ்வளவு வேகம் உண்டு என்று எனக்கே தெரியாது. பம்பு ஸ்விட்சை அடித்தேன், பாட்டு கீழே கீழே இறங்கி, ஒரு பெருமூச்சாகி, நின்றது. ஃபேனை அடித்தேன். திடீரென்று இவ்வளவு அமைதி, காதுக்குள் ரத்தம் ஓடுகிறது கேட்டது. "பூவாத்தா, போசிய எடுத்துட்டு முன்பக்கமா ஓடு, பின்பக்கம் போகாத, பட்டறையில போயி எல்லாத்தையும் கேட்டுக்கு வெளிய வரச் சொல்லு." "நெசமாலுமாங்ண்ணா?" "நெசமாலுந்தான் ஆத்தா, ஓடு." அவள் என் கண்ணைப் பார்த்தாள், அந்தச் சிவப்பை, எல்லாம் தெரிந்தவள், போசியை இறுக்கிக்கொண்டு புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஓடினாள். சாம்பல் மேடு வாசலிலேயே கிடந்தது, நேற்று அவள் அள்ளித் தண்ணீர் தெளித்துக் குவித்தது, நானும் தொரையும் கூடை கூடையாக அள்ளி அடுப்புக்குள் வீசினோம், ஈரச் சாம்பல் தணல்மேல் விழுந்து புஸ் புஸ் என்றது, நெருப்பு இருமியது, கருத்தது, ஒரு பக்கம் மறுபடி கண் திறந்தது, அதன்மேலும் கொட்டினோம், என் வாழ்க்கையில் அடுப்பை எரிய வைக்கத்தான் பாடுபட்டிருக்கிறேன், அணைப்பதற்கு இத்தனை ஆவேசமா, கையெல்லாம் பறந்தது, தொர உளறிக்கொண்டே வீசினான், "சாமி, சாமி, பக்கெட்ட எடுத்துட்டனே சாமி" என்று. போன் அடித்தது, எடுத்தேன், கோபால்சாமி. "மணி, ஸ்டீமு எறங்குதுய்யா! மெரூன் கலரு மிஷின்ல இருக்குது, பாதியில நின்னா திட்டுத் திட்டாப் போயிரும், என்ன பண்ற அங்க?" "சார், மெரூன உட்டுட்டு நீங்களும் வெளிய போங்க." "யோவ்!" "வெளிய போங்க சார்!" வைத்தேன். அழுத்தம் காட்டுகிற முள் மெல்ல, ரொம்ப மெல்ல, வெயிலில் நகர்கிற பல்லி மாதிரி இறங்கியது. நாங்களும் விறகு அட்டிக்கு அப்பால் போய் உட்கார்ந்தோம், புகைத்த அதே இடத்தில். என் உடம்பு பூராவும் மின்சாரம் ஓடியது, உயிரோடிருக்கிறேன், கையைப் பார்க்கிறேன், அஞ்சு விரல், காக்கை கத்துகிறது, கேட்டுக்கு வெளியே பட்டறை ஆட்கள் பனியனோடு நிற்கிறார்கள், கையெல்லாம் மெரூன், யாரோ எங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள், எவ்வளவு அழகாகத் திட்டுகிறார்கள். "ண்ணா" என்றான் தொர, தரையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டா, பம்பு ஏர் புடிச்சிருச்சுன்னு சொல்லீருங். அதும் நெசந்தானுங்களே." ஆமாம், அதுவும் நிஜம்தான். பாதி நிஜம். பாதி நிறைந்தால்தான் கோடு தெரியும், இல்லையா.

சம்பத்து வந்துவிட்டான், பகல் ஷிப்ட் பாய்லர்காரன், நெற்றியில் பட்டை, இஸ்திரி போட்ட சட்டை, அந்தச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அழுக்குச் சட்டை போடுகிறவன், வெற்றிலைகூடப் போடாதவன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, ஷிப்ட் முடித்துப் போகிறவன், வருகிறவன் கண் முன்னால் கண்ணாடியை ஊதிக் காட்ட வேண்டும், குழாயைத் திறந்து மூடி, தண்ணீர் ஏறி இறங்குவதைக் காட்டி, இதோ பார் இவ்வளவு இருக்கிறது, இனி உன் பொறுப்பு என்று. சேர்ந்த நாளிலிருந்து ஒரு காலைகூட இது தவறியதில்லை. நேராக உள்ளே போனான், நாங்களும் பின்னாலேயே போனோம், அவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காட்டுங்க மணீண்ணா" என்றான். தொர எனக்குப் பின்னால் இருமினான். பம்பு ஏர் பிடித்துவிட்டது, சம்பத்து. வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக, வழவழப்பாக நின்றது. லைசென்ஸ் போகும். இந்த ஒன்றுதான் கையில் இருக்கிறது, வீட்டுச் சுவரில் சாந்தாமணி சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிற ஒரே காகிதம். ஆனால் நான் ஊதிக் காட்டி அவன் நம்பி எடுத்துக்கொண்டால், அவன் நம்புவது இந்தக் கண்ணை. இன்றைக்குப் பாட்டை ரசித்த காதை. "சம்பத்து, நான் காட்ட மாட்டேன். கஞ்சா இழுத்திருக்கறேன். தண்ணி இல்லைன்னு நெனைக்கறேன், நெருப்ப மூடிட்டோம், தண்ணி உள்ள உடல. ஆனா என் கண்ண நம்பாத. நீயே பாரு." சொல்லி முடித்தபோது வாய் காயவில்லை, எச்சில் ஊறியது, அது ஒன்றுதான் அப்போது தெரிந்தது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், கோபமா, அருவருப்பா, பிரிக்க முடியவில்லை. கம்பி எடுத்துவந்து வடிகுழாயில் விட்டுக் குத்தினான், உப்புக் கட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது, திறந்தான். ஆவி மட்டும். மறுபடி திறந்தான். ஆவி மட்டும். மூடினான். "கொண்டா" என்று துரைசாமியிடமிருந்து டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான், ஆறிப்போன டீ. "தண்ணி ஊத்தலையில்ல?" "ஊத்தல." "ஒரு பக்கெட்டும்?" "ஒரு சொட்டும்." அந்தப் பக்கெட்டைப் பார்த்தான். அப்புறம் ஆணியில் சுற்றியிருந்த மணி ஒயரைப் பார்த்தான், அதை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான். "மேனேஜருக்கு நான் போன் போடறேன். எல்லாத்தையும் சொல்லுவேன்." "சொல்லு." "போயிராதீங்க." "போகல." எங்கே போவது, வீட்டுக்குப் போனால் தகரக் கூரை, பகல், தூக்கம் வராது, இன்றைக்கு எதை வைத்துத் தூங்குவது, நாளைக்கு எதை வைத்து, அது ஒரு பெரிய பள்ளம் மாதிரி முன்னால் தெரிந்தது, ஆனால் அது நாளைக்கு. இப்போது நெஞ்சு கொஞ்சம் நிதானமாக அடித்தது, ஒன்று, இடைவெளி, ஒன்று.

வெளியே வெயில் ஏறிவிட்டது. முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. அடுப்புத் தரையைக் காலி பண்ணிடலாம் என்றான் சம்பத்து, போனைக் காதில் வைத்தபடியே. பூவாத்தா திரும்பி வந்திருந்தாள், போசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நாஞ் சிரிச்சதுக்குத் தப்பா நெனச்சுக்காதீங்ண்ணா" என்றாள். "இன்னைக்கு அந்தச் செவுத்தோரம் உக்காராத" என்றேன். "உக்காருவனுங்களா" என்றாள், கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். நீளக் கம்பியை எடுத்தேன், கதவைத் திறந்து, நாங்கள் கொட்டிய சாம்பலையே திரும்ப முன்னால் இழுத்தேன், வெண்ணிறம், கரு நிறம், நடுவில் கண் சிமிட்டும் ஒன்றிரண்டு தணல். கம்பியில் கனமாக ஏதோ தட்டியது. நிலைச்சட்டம். ஒரு முனை கரியாகி, மறு முனை புகை படிந்து அப்படியே இருந்தது. வெளியே இழுத்துப் போட்டுக் காலால் சாம்பலைத் தட்டினேன். யூகேஜி போயிருந்தது. ரெண்டாவது பாதி. கவி அஞ்சாவது முழுசாக இருந்தது, ஒரு கோடும் அதன்மேல் ஒரு பேரும். சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். பிறகு திரும்பிக் குனிந்து, கம்பியை உள்ளே விட்டு, மீதிச் சாம்பலைக் கூடைக்குள் வாரினேன்.